நல்ல தண்ணீரில் ஒரு கூடை உப்பு

மரக்காணம் உப்பளத்தில் என் அத்தை சகாயமேரியின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. அவள் வேலை உப்புச் சுமப்பது. அவள் அதிகாரமோ சவுக்குத்தோப்புக் கிணற்றில். எங்கள் பக்கம் குடிக்கிற மாதிரித் தண்ணீர் அது ஒன்றில்தான் ஊறியது. உப்புப் பாத்தியிலிருந்து வருகிறவர்கள் மேலேயே காலைக் கழுவிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். மறந்து இறங்கினவர்களை, "ஏம்பா, ஒன் கால் உப்ப நாங்க குடிக்கணுமா?" என்று மறுபடி மேலே ஏற்றிவிடுவாள். குடம் விழுந்தால் முங்கி எடுப்பவளும் அவள்தான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான், எழுபத்து நாலு கோடையில், பாண்டிச்சேரி ஸ்டூடியோக்காரர் காசிலிங்கம் காரில் வந்தார். கேமராவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, தண்ணீருக்குள் படமெடுக்கப் பழகியிருந்தார். கடல் கலங்கல், கிணறு தெளிவு. தண்ணீருக்கடியில் ஓர் உப்புக்காரியின் முகம் வேண்டுமாம்.

"செத்தா செவுத்துல மாட்ட ஒரு படம் ஆச்சு" என்று அத்தை சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் துண்டோடு படியில் உட்கார்ந்தேன்.

முதலில் பித்தளைக் குடத்தை அணைத்துக்கொண்டு முங்கினாள். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி. பிறகு விரித்த குடை.

"மழைக்குப் புடிக்கிறத தண்ணிக்குள்ள புடிக்கச் சொல்றியே சார்!"

காசிலிங்கத்துக்கு எதுவும் திருப்தியில்லை. "நீங்க யாருன்னு படத்துல தெரியணும்மா" என்று காலிக் கூடை ஒன்றைக் கொடுத்தார். அவள் அதைத் தலையில் பிடித்தபடி முங்கினாள். உடனே அவர் காரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சாக்கை எடுத்து, அந்தக் கூடைமேல் அப்படியே கவிழ்த்துவிட்டுப் பெட்டியோடு தண்ணீருக்குள் போனார்.

உப்பு. அவள் முகத்தைச் சுற்றி வெள்ளைப் புகையாக இறங்கியது. அழகு என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் இப்போதும் புரியவில்லை.

அத்தை மேலே வந்து காறித் துப்பினாள்.

"இன்னாய்யா கொட்டுன?"

"கொஞ்சம் உப்புதாம்மா. கரையும்போது புகை மாதிரி..."

"கால்ல ஒட்டுனதையே கழுவிட்டு எறங்குறோம். நீ கூடையோட கொட்டுறியா?"

"மோட்டார் வெச்சு இறைச்சுடலாம்மா."

"எற, எற! மொத்தமா எறச்சா அடியிலேர்ந்து கடலே மேல வரும். அதையும் படம் புடி!"

குடங்களோடு வந்த பெண்கள் மேலே கூடிவிட்டார்கள். அவர்களில் மங்கம்மா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நான் எழுந்து, "அத்தை, சார் தெரியாம..." என்றேன்.

"நீ எந்தப் பக்கம்டா? இதுக்குத்தான் ஒன்னப் படிக்க வெச்சோமா?"

அவளுக்கு வந்த கோபம் எனக்கு ஏன் வரவில்லை? நானும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தானே.

கண்ணாடிப் பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி அத்தை தன் ஈர இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது பதினஞ்சு வருஷ உழைப்பு."

"இது எங்க வாய்க்குள்ள போற தண்ணி. போய்யா. தண்ணியோட வா."

பொழுது சாயும்போது கார் திரும்பியது. டிக்கியில் இரண்டு டிரம் தண்ணீர். அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மங்கம்மாவின் குடத்தில் தொடங்கி வரிசையாக எல்லாருக்கும் ஊற்றினாள். டிரம் காலியானதும் காசிலிங்கம் பெட்டிக்காகக் கை நீட்டினார்.

"நாளைக்கும் கொண்டாந்துடு. மழ பெஞ்சு கெணறு தெளியட்டும், அப்பறம் பெட்டியப் பேசலாம்" என்றாள் அத்தை.