கறுக்காத உள்ளி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரூஜில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சீனாவின் யுனான் மாகாணத்தவள். சீனச் சாப்பாடென்றால் எங்களுக்குத் தெரிந்தது பிறைட் ரைஸும் டெவில்ட் சிக்கனும்தான். அவள் சமையல் வேறு. புளிக்கவைத்த மிளகாய், புதினா, எங்கள் நாக்குக்குப் பழகிய உறைப்பு. ‘பாலம் கடந்த நூடில்ஸ்’ என்று ஒன்று செய்வாள். கோழி சூப்பின் மேல் கொழுப்பு மூடியிருப்பதால் ஆவி வராது. ஆறிவிட்டதென்று வாய் வைத்தால் நாக்கு வெந்துவிடும்.

போன புரட்டாதியில் அவளுடைய தகப்பனார் ஊரிலிருந்து வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், ஆங்கிலம் தெரியாது. மழை விட்ட ஒரு ஞாயிறு காலை ரூஜ் காட்டுப் பக்கம் நடக்கப் போனவர், தொப்பி நிறையக் காளானோடு திரும்பினார். அன்று மத்தியானம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

காளான்கள் அரிசிமாவில் பிடித்துவைத்ததுபோல் தூய வெள்ளை. “எங்கள் ஊரில் இது கறையான் புற்றில் முளைக்கும். கோழியின் ருசி. அப்பா சின்ன வயதிலிருந்தே பொறுக்குகிறார்” என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

புற்றுக்காளான் எனக்கும் தெரியும். “இந்தக் குளிர்நாட்டில் புற்று ஏது?” என்று கேட்டேன்.

அவள் அதைத் தகப்பனுக்குச் சொன்னாள். அவர் சிரித்தபடி கொதிக்கும் சட்டியைக் காட்டினார். நஞ்சென்றால் கூடப் போட்ட உள்ளிப்பூண்டு கறுத்துவிடுமாம். கறுக்கவில்லை. பல்லுப்போல வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தது. நன்றாகக் கொதிக்கும்வரை எவருக்கும் சாப்பிடும் குச்சி தரக்கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். எல்லோருடைய குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் காவல் இருந்தார்.

காளானின் வழுவழுப்பு எனக்குப் பிடிக்காது. நூடில்ஸோடு நின்றுவிட்டேன். மகள் கொஞ்சம் சாப்பிட்டாள். என் கணவர் பெரியவரின் மனம் நோகக்கூடாதென்று ஒரு கோப்பை வாங்கினார். பிறகு தானாகவே இன்னொன்று கேட்டார்.

மறுநாள் விடிய அவர் பிறம்ரனுக்கு, வெயர்ஹவுஸ் வேலைக்குப் போய்விட்டார். கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரி. முகத்தில் இரத்தமே இல்லை. “அப்பா வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கும் வயிறு வலிக்கிறது. உன் கணவர் எங்கே?”

அவளுக்கு அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் வயித்தைப் பிரட்டுது.”

“உடன ஒஸ்பிற்றலுக்குப் போங்கோ. நேற்றுச் சாப்பிட்ட காளான்...”

“விசர்க்கதை கதையாதையும். ஷிஃப்ட் முடிய வாறன்.”

“அந்தக் கிழவர் எழும்ப ஏலாமல் கிடக்கிறார்.”

“சரி. ஆரையும் கூட்டிக்கொண்டு போறன்” என்றார்.

மூவரையும் ஒரே ஒஸ்பிற்றலில் சேர்த்தார்கள். அடுத்த நாள் மூவருக்கும் வாந்தி நின்றது. கிழவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். என் கணவர் வீட்டுக்குப் போவோம் என்று அடம்பிடித்தார். நான் டொக்டரிடம் ஓடிப்போய் நன்றி சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. “இந்த நஞ்சு இப்படித்தான். விட்டதுபோல் இருக்கும். உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். இனித்தான் பார்க்கவேண்டும்” என்றார்.

என் கணவர் சிரித்துக் கதைக்கும்போதெல்லாம் நான் இவருடைய கண்ணின் வெள்ளையையே பார்த்தபடி இருந்தேன். மஞ்சள் முதலில் கிழவரின் கண்ணில் ஏறியது. பிறகு அவருக்கு மகளை அடையாளம் தெரியாமல் போயிற்று. அந்த வாரம் முடியுமுன் அவர் இறந்துபோனார். மகளுக்கும் இவருக்கும் ஈரல் மெல்ல மெல்லத் தேறியது.

இறுதிக் கிரியைகள் முடிந்து அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். இவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினார். “நினைவு தப்புமுன் அப்பா உங்களைத்தான் கேட்டார். சுகம் என்று சொன்னேன். நீங்கள் பிழைப்பீர்களா என்று அப்போது எனக்கே தெரியாது” என்று அழுதாள்.

அவள் போனபின் இவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உண்மையைச் சொன்னா, அப்பிடியொரு ருசியை நான் சாப்பிட்டதேயில்லை” என்றார்.

நான் எழுந்துபோய் அடுப்பில் உலையை வைத்தேன்.