லம்ரியாவுக்கு ஆட்டம் உண்டா, இல்லையா?

ஃபோன்டானா சர்ச்சுக் கூடத்தில் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுமத்ராவிலிருந்து இங்கே குடியேறிய பாத்தாக் ஜனங்கள் கூடினால் அப்படித்தான். யாராவது மெதுவாகப் பேசிவிட்டால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். பேச்சு ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி. லம்ரியா செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள், எழுபத்தெட்டு வயது. நாளைக்குச் சனிக்கிழமை அடக்கம். அவளுக்கு ஆட்டம் உண்டா, இல்லையா?

பெற்றதையெல்லாம் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி பார்த்து, குறை ஒன்றும் வைக்காமல் போகிறவர்களுக்குத்தான் மேளமும் குழலும் வைத்துப் பெட்டியைச் சுற்றி ஆடுவது. கல்யாணச் சாவு! ஒரு பிள்ளை கட்டாமல் நின்றாலும் போச்சு, ஞானப்பாட்டோடு சரி. லம்ரியாவுக்கு நாலு பிள்ளைகள். மூன்று பேர் கட்டிவிட்டார்கள். நாலாவதுதான் தியுர்மா. நாற்பத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கல்யாணம் வேண்டாமென்று இருபது வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறவள். அன்றைக்குக் கூடத்தின் பின்வரிசையில், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் வேண்டும் என்பது லம்ரியாவின் ஒரே ஆசை. "என் சாவுல மூக்கைச் சிந்திட்டு நின்னீங்கன்னா எழுந்து வந்து அறைவேன். ஆடணும், தெரிஞ்சுதா?" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாள். சொல்லிவிட்டுத் தியுர்மாவை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே தியுர்மா சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போனாள்.

லம்ரியா சும்மா கிடந்த பொம்பளையா என்ன? எண்பத்தாறில் புருஷன் சஹாத்தோடும் நாலு பிள்ளைகளோடும் சுமத்ராவிலிருந்து வந்து இறங்கினாள். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள். சர்ச்சில் மாதர் பாடகர் குழுவை அவள்தான் ஆரம்பித்தாள், அதில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினதும் அவள்தான். ஊரிலிருந்து எந்தப் பிள்ளை விமானத்தில் வந்து இறங்கினாலும் லம்ரியாவின் பழைய வேன் வாசலில் நிற்கும். பேரைக் கேட்க மாட்டாள், குலத்தைத்தான் கேட்பாள். "எந்தக் கூட்டம்டா நீ?" என்பாள். அப்படித்தான் ஒருநாள் பொல்தாக் என்ற பையன் வந்து சேர்ந்தான்.

"லும்பன்காவோல்" என்றான்.

"அட, என் அப்பன் கூட்டம்! இனிமே நீதான்டா என் தம்பி" என்று பெட்டியைப் பிடுங்கி வேனில் எறிந்தாள். அன்றிலிருந்து தியுர்மாவுக்கு அவன் தாய்மாமன். அவளைவிட ஆறு வயது சின்னவன், லாரி ஓட்டுகிறவன், இருந்தாலும் மாமா மாமாதான்.

இன்னொரு வேலையும் அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நம் பையன்கள் இங்கே மெக்சிகோக்காரி, பிலிப்பைன்ஸ்காரி என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கூட்டம் இல்லாத பெண்ணுக்கு முறைப்படி கல்யாணம் கிடையாது. யாராவது மகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லம்ரியா, "கொண்டாங்க இங்க, என் வயித்துல இன்னும் இடமிருக்கு" என்பாள். சால்வையைப் போர்த்தி, மஞ்சள் போட்ட கெண்டை மீனைத் தன் கையால் ஊட்டி, தன் புருஷனின் கூட்டமான சித்திஞ்சாக் என்ற பேரைக் கொடுத்துவிடுவாள். பதினோரு தடவை ஊட்டியிருக்கிறாள். அதோடு விட்டாளா? பிரசவத்துக்குப் போய் நிற்பாள், சண்டை வந்தால் புருஷனைப் போனில் கிழிப்பாள்.

இத்தனையும் செய்தவளுக்குத்தான் ஆட்டம் இல்லை என்று ஹுல்மன் சிபுரியான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். சர்ச் மூப்பர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ஒரு பிள்ளை நிக்குது. நின்னா குறைதான். நான் என்ன செய்ய?"

"இந்த ஊர்ல வந்து என்னய்யா சட்டம்?" என்று ஒருவர் கத்தினார்.

"வேணும்னா ஒரு வழி இருக்கு" என்று குரலைத் தணித்தார் சிபுரியான். "தியுர்மாவைச் சேர்க்க வேணாம். நாளைக்கு அம்மாவோட சரித்திரம் வாசிக்கும்போது மூணு பிள்ளைன்னு வாசிச்சிடலாம். மூணும் கட்டினது. ஆட்டமும் உண்டு, சட்டமும் கெடல."

மூன்று வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டியவள் தியுர்மா. ஆனால் அம்மா கேட்டது இந்த ஒன்றைத்தானே! எழுந்து நின்றாள்.

"சரி. மூணுன்னே வாசிங்க. அம்மாவுக்கு ஆட்டம் வேணும்."

அதுவரை ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த பொல்தாக் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். லம்ரியாவின் பிறந்த வீட்டுக்காரன் அவன். அவன் கோடி போர்த்தாமல் பெட்டியை மூட முடியாது.

"மூப்பரே, உங்க சம்சாரம் எந்தக் கூட்டம்?"

"மரிசோலா? சித்திஞ்சாக்."

"எப்படி? அவங்க மெக்சிகோ இல்ல?"

"உங்க அக்காதானே ஊட்டிவிட்டு எனக்குக் கட்டி..." சிபுரியான் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஆக, செத்தது உம்ம மாமியார்! பொண்ணு எடுத்தவர், பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்க நடுவுல நாற்காலி போட்டுச் சட்டம் பேசுறீரு. மாப்ளைக்கு இடம் எங்கய்யா?"

"அடுப்படியில!" என்று பெண்கள் பக்கம் முழுக்கக் கூவியது. பெண் எடுத்தவர்கள் பெண் கொடுத்த வீட்டு விசேஷத்தில் சமையல் வேலை பார்ப்பதுதான் முறை, சட்டம் பேசுவதல்ல. கூடமே சிரித்துக் குலுங்கியது. இருபத்து நாலு வருஷமாக இது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை பாருங்கள்! மூப்பர் மூப்பர் என்றே பழகிவிட்டார்கள்.

பன்றிக்கறி நறுக்கிய கையோடு மரிசோலே சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "உன் மாமியார் செத்த வீட்டுல வெங்காயம் உரிக்க ஆளில்லாம நான் தவிக்கிறேன். நீ இங்க நாட்டாமை பண்றியா? வாய்யா உள்ளே!"

சிபுரியான் போனார். போகாமல் என்ன செய்வார்?

பொல்தாக் சிரிக்கவில்லை. "அக்காவுக்கு மூணும் இல்ல, நாலும் இல்ல. பதினஞ்சு. ஒருத்தியை விட்டு வாசிச்சாலும் என் கோடி பையை விட்டு வெளியே வராது." பிறகு தியுர்மா பக்கம் திரும்பினான். "போன மாசம் ஆஸ்பத்திரியில கேட்டேம்மா. 'அக்கா, தியுர்மாவை நினைச்சு மனசு கஷ்டப்படுதா?'ன்னு. என்ன சொன்னா தெரியுமா? 'அவ முழுசாத்தான்டா இருக்கா. சும்மா அவளைச் சீண்டுறது எனக்குப் பழகிப்போச்சு. நான் போனா பாடகர் குழுவுல ஆல்ட்டோ குரல் பாட ஆளில்ல, அதான் கவலை'ன்னா. பெத்தவளே குறை இல்லைன்னுட்டா, அப்புறம் யாருக்குக் குறை? ஆட்டம் உண்டு."

தியுர்மா அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிழவி! இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் கோடி போர்த்தியாயிற்று. சரித்திரம் வாசித்தாயிற்று. பதினைந்து பேரும் அதில் உண்டு, நாலாவது பேராகத் தியுர்மா. மேளமும் குழலும் ஆரம்பித்ததும் பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி நின்றார்கள். அண்ணன் மனைவியோடு, அக்காமார் இருவரும் புருஷன்மாரோடு. ஜோடி இல்லாமல், வால் மாதிரி கடைசியில் நிற்கப்போகிறோம் என்று இரவெல்லாம் கூசிக்கொண்டிருந்தவள் தியுர்மா. தலையைக் குனிந்து, கைகளைக் கூப்பி நின்றாள். யாரோ முதுகில் இடித்தார்கள்.

"முன்னாடி போ அக்கா, இடம் பத்தல" என்றாள் மரிசோல்.

"யாருடி அக்கா? உனக்கு அம்பத்திமூணு!"

"நான் இந்த வீட்டுல பொறந்தது ரெண்டாயிரத்து ஒண்ணுலதானே. நீதான் மூத்தவ, நட."

தியுர்மா திரும்பிப் பார்த்தாள். மரிசோலுக்குப் பின்னால் இன்னும் பத்து பேர், சுவர் வரைக்கும் நின்றார்கள். கடைசியில் நின்ற பிலிப்பைன்ஸ்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, சீக்கிரம்!" என்று கத்தினாள். தியுர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.