எமிலியானுஸுக்குத் தப்பிய நடுவர் நாற்காலி

எமிலியானுஸ் மன்னார்ப் பேசாலையில் பிறந்து, கனடாவின் மொன்றியலுக்கு வந்து, ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிப் பிழைத்த மனிதர். ஆனால் அவருடைய உண்மையான தொழில் கருத்துச் சொல்வது. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார்.

வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். பங்குக் கோயில் திருநாள் பட்டிமன்றத்தில் நடுவராக உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் அதுவரை இருந்தவர் உருத்திரமூர்த்தி மாஸ்டர், சைவக்காரர். கத்தோலிக்கருக்குள் யாரை இருத்தினாலும் சண்டை வரும் என்று பங்குச் சுவாமியார் செய்த ஏற்பாடு அது. 2008இல் மாஸ்டர் ரொறன்ரோவுக்குக் குடிபோகத் தயாரானார். இந்த முறை நன்றாகப் பேசுகிறவருக்கே நாற்காலி என்று அறிவித்தும் விட்டார்.

அந்த ஓகஸ்டில்தான் நகரின் வடக்கே பொலிஸ் சுட்டு ஒரு பெடியன் செத்தான். மறுநாள் இரவு கார்கள் எரிந்தன, கடைகள் உடைந்தன. எங்கே போனாலும் அதே கதை. பட்டிமன்றத் தலைப்பும் அதுவே ஆயிற்று: கலவரத்துக்குப் பொறுப்பு சமூகமா, தனிமனிதனா? எமிலியானுஸ் தனிமனிதன் பக்கம். எதிரணித் தலைவி அவருடைய மனைவி அக்னெஸ்.

அக்னெஸ் கார்டெரி எனும் சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில் சமைப்பவர். வீட்டில் எமிலியானுஸ் கண்ணாடிக்கு முன் நின்று, "அவனவன் கைக்கும் வயிற்றுக்கும் அவனவனே பொறுப்பு" என்று முழங்கியதைப் பொறுமையாகக் கேட்டார். அன்று பின்னேரம் அடுப்பு எரியவில்லை.

"அக்னெஸ், சோறு எங்கை?"

"உங்கட வயித்துக்கு நீங்கள்தானே பொறுப்பு. நானும் அதை ஒத்துக்கொள்ளுறன்."

முதலில் எமிலியானுஸ் சிரித்தார். பிறகு நயமாகக் கேட்டார். பிறகு, "நீர் விளையாட்டை விடும், எனக்குப் பசிக்குது" என்று கெஞ்சினார். அக்னெஸ் தன் பேச்சை எழுதிக்கொண்டே இருந்தார். எமிலியானுஸுக்கோ முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது.

பாணும் வாழைப்பழமும் தின்று வெறுத்துப்போய், ஒருநாள் சோற்றுக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனியில் போய்க் குந்தினார். தெரு முழுக்கக் கேட்கத் தட்டினார். மேல்வீட்டுக் கிரேக்கக் கிழவி, என்ன ஏது என்று தெரியாமலே, தன் சட்டியைத் தட்டினாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வாளியைத் தட்டினார்கள். தொடங்கியதை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் எமிலியானுஸுக்கு வியர்த்துக் கொட்டியது. அக்னெஸ் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

திருநாள் வந்தது. மண்டபம் நிறையச் சனம். எமிலியானுஸ் வெளுத்துவாங்கினார். "கேட்க வாய் இருக்கையில் கையை ஏன் ஓங்க வேண்டும்?" என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாஸ்டரே தலையாட்டினார்.

எதிரணிக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. அக்னெஸ் எழுந்தார். பால்கனிக் கதையை அவிழ்த்துவிடுவாரோ என்று எமிலியானுஸ் பயந்தார். அக்னெஸ் அதைத் தொடவே இல்லை.

"மதிப்புக்குரிய பேச்சாளரே, வாயால் பலமுறை கேட்டும் ஒருவரும் காது கொடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

மறுபடியும் கேட்பேன் என்று சொன்னால் போதும், நாற்காலி அவருடையது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே மாதா சுரூபம் நின்றது. திருநாளும் அதுவுமாகப் பொய் வரவில்லை.

"சோத்துக் கோப்பையை எடுத்துத் தட்டுவன்," என்றார்.

மண்டபம் குலுங்கியது. மாஸ்டர் மணியடித்தும் சிரிப்பு அடங்கவில்லை. எமிலியானுஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"தட்டினனான்," என்றார் மெல்ல. "எனக்குச் சோறு வந்தது. காரைக் கொளுத்தினது பிழைதான். ஆனா அங்கை இருக்கிறவையும் முதல்லை வாயாலை கேட்டிருப்பினம். அதை ஆர் கேட்டது?"

சிரிப்பு நின்றுபோயிற்று. அவருடைய அணி தோற்றது. அதே அணியில் பேசிய அருமைராசா தலையில் கைவைத்தார். நாற்காலி அக்னெஸுக்கு என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

நாற்காலியை மேடை நடுவே இழுத்து, கைலேஞ்சியால் தூசி தட்டியவர் எமிலியானுஸ்தான். அக்னெஸ் படியேறி வருவதற்குள் ஒருதரம் அதில் குந்திப் பார்த்துவிட்டு எழுந்தார்.