பிந்தி முளைத்த பற்கள்

லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது, கடதாசியில் ஒன்பது. அந்த வயதும் பெயரும் என் பெரியம்மாவின் மகளுடையவை. முதலில் இங்கே வந்த பெரியப்பா, மனைவியையும் மகளையும் கூப்பிட்டிருந்தார். விசா வந்த மாதம் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வீணாகப் போகிற விசாவில் ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று பெரியவர்கள் பேசி, என்னை அக்காவாக்கி பெரியம்மாவோடு அனுப்பிவைத்தார்கள்.

லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கம் இருந்த எங்கள் மாடி வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். வீட்டுக்குள்ளும் அக்காவின் பெயருக்குத்தான் நான் திரும்ப வேண்டும். அவர்களை அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். நான் கட்டை என்பதால் அடி தடித்த சப்பாத்து வாங்கித் தந்தார். இவ்வளவையும் யோசித்த மனுசன் பல்லை மட்டும் மறந்துபோனார்.

பள்ளிக்கூடத்துக்குப் பல் வைத்தியர் வந்து எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்க்கப்போகிறார் என்று நான் வந்து சொன்னதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீழ்க் கடைக்காரரின் ஒன்பது வயது மகனுக்கு ஒரு சொக்லேட்டைக் கொடுத்து, டோர்ச் அடித்து அவன் வாயைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். அவனுக்கு முன்வரிசையில் எல்லாம் பெரிய பல். எனக்குப் பாதி பாற்பல். ஆடிக்கொண்டிருந்த இரண்டை நூல் கட்டி இழுத்தெடுத்தார். ஆடாத பற்களை என்ன செய்வது? பிடிபட்டால் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பெரியம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

வைத்தியர் ஒரு வெள்ளைக்காரப் பெண். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு என் பற்களை எண்ணினார். கடதாசியைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். டீச்சரிடம் ஏதோ கேட்டார். டீச்சர் போன் எடுக்கப் போனார்.

பெரியம்மா வேலை உடுப்போடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். பிள்ளைக்கு ஒன்பது வயதுதானா என்று வைத்தியர் கேட்டதும், வீட்டில் பாடமாக்கிய இங்கிலீஷெல்லாம் அவருக்குப் பறந்துவிட்டது.

"ஓம், ஒன்பதுதான். என்ர பிள்ளைக்கு எல்லாம் பிந்தித்தான் வரும். பிந்தித்தான் நடந்தவள், பிந்தித்தான் கதைச்சவள்."

நான்தான் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன். பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

வைத்தியர் சிரித்தார். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் மகள் நன்றாக வளர்வாள் என்று பெரியம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

தப்பிவிட்டோம். எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. பெரியம்மாவோ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, என் கன்னத்தைத் தடவி, என்னுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். லண்டனுக்கு வந்தபிறகு அன்றுதான் முதல் தடவை.

நான் பதறிப்போனேன். முன் சீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"அம்மா, பேரை மாறிச் சொல்லிப்போட்டீங்கள்."

பாவம், பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, அவருடைய காதருகே குனிந்து, அக்காவின் பெயரை நானே எடுத்துக்கொடுத்தேன்.