மாஞ்சு மாஞ்சு

பலப்பம் கல்பலகையில் 'கிறீச்' என்று இழுபடும் சத்தத்தை நினைத்தாலே எனக்குப் பல் கூசும். எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் அந்தக் கூச்சத்தோடு கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வருகிறது.

நாற்பதுகளில் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெலுங்குதான். மலையடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த என் நைனாவுக்கு நான் ஒரே பெண். மூன்றாம் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், அரக்கோணத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சின்னம்மா காய்ச்சலில் இறந்துபோக, அவள் மகள் அலமேலுவை அம்மா ரயிலில் அழைத்து வந்துவிட்டாள். என்னைவிட நான்கே மாதம் மூத்தவள்.

அவளுக்குத் தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. முதல் நாள் வகுப்பே சிரித்தது. நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அன்று சாயங்காலமே அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுத்துக்கு மேலே போடுகிற 'தலைக்கட்டு' கொஞ்சம் கோணினாலும் கோவை இலையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். சோறு தின்னும்போது விரல் தட்டில் எழுதும். குளத்துக்கு நடக்கும்போது தொடையில் எழுதும். கூப்பிட்டால் காதில் விழாது.

"பாரேன், எப்படி மாஞ்சு மாஞ்சு எழுதிகினு கீறா!" என்பாள் அம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

என்னை அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. முதலாவதாக வந்தேன் என்றால் "ஆங், சரி" என்பதோடு சரி. நானும் அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, விரல் வெளுக்க எழுதிப் பார்த்தேன். "அடுப்புல பால் பொங்குது, கண்ணு தெரியல?" என்றுதான் கேட்டாள்.

கடைக்கு வரும் தமிழ்ப் புலவர் ஒருவரிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். "மாய்ந்துன்றதுதாம்மா மாஞ்சுன்னு ஆயிடுச்சு. மாயறதுன்னா சாவறது. தன்னையே மறந்து, உசுரக் குடுத்து ஒரு வேல செய்யறதத்தான் அப்படிச் சொல்றது" என்றார். அவர் சொன்னதில் எனக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கிணற்றடியில் அலமேலு தனியாக இருந்தாள். "மாஞ்சு மாஞ்சுன்றதுக்கு அர்த்தம் தெரியுமா உனுக்கு? சாவறதுன்னு அர்த்தம். உங்கம்மா மாதிரி நீயும் சாவணும்னுதான் எங்கம்மா தெனம் சொல்லிகினு கீது" என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பலகையை நெல் குதிரின் மேல் வைத்துவிட்டாள். பத்து நாள் அதைத் தொடவில்லை. முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் நான் சொன்னது பொய் என்று அவளிடம் சொல்லவில்லை.

"ஏம்மா, பலகைய எடுக்கவே மாட்டேன்ற?" என்று அம்மாதான் கடைசியில் கேட்டாள்.

அலமேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாஞ்சு மாஞ்சு எழுதி நான் சாவ மாட்டேன், பெரிம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்கம்மா சின்னப் பொண்ணா இருக்க சொல்ல பூ கட்டினாலும் அப்படித்தான், கோலம் போட்டாலும் அப்படித்தான். எங்க நைனா அவளப் பாத்துதான் 'மாஞ்சு மாஞ்சு செய்யுதே இந்தப் பொண்ணு'ன்னு சொல்லும். உன்னப் பாத்ததும் அந்தப் பேச்சு தானா வாயில வந்துட்சு" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல் எனக்குக் கிடைக்கவே போவதில்லை, அது அம்மா, சின்னம்மா, அலமேலு மூன்று பேருக்குள் உள்ள சொத்து என்று தெரிந்ததில் வயிறு இன்னும் எரிந்தது.

அந்த வருஷப் பரீட்சையில் அலமேலு முதல், நான் இரண்டாவது, அதற்கப்புறமும் அப்படியேதான். பெரியவளாகிப் பள்ளிப்பட்டில் தெலுங்கு டீச்சரானாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது திருத்தணி தமிழ்நாட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றும் தெரியாது. அம்மா இல்லை. போன ஐப்பசியில் அலமேலுவும் போய்விட்டாள். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல, சின்னம்மா" என்றாள்.

என்ன பேசினாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.