அடுப்பை அணைத்த பிறகு

அமலாவுக்கு நாற்பத்தேழு வயது. கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழ்களும் அவள் பொறுப்பு. அப்பா ரயில்வே வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தம்பி ஜெரோம் ஊருக்கே திரும்பி அங்கே குடும்பஸ்தனாகிவிட்டான். டாக்குரியாவில் ஒரு மாடி வீட்டில் அமலாவும் அம்மாவும் மட்டும் வாடகைக்கு இருந்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவும் இறந்துபோனாள்.

அதுவரை அமலா வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனதே கிடையாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து ஓடினாலும் அம்மா பார்த்துக்கொள்வாள். இப்போது கதவைச் சாத்தினால் உள்ளே யாரும் இல்லை.

ஒரு நாள் காலை டாக்குரியா ஸ்டேஷனில் நிற்கும்போது, கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. அப்போது கிடைத்த நிம்மதி பெரிதாக இருந்தது, ஆனால் மறுநாள் வரைதான் தாங்கியது. சில மாதங்களில் மாடிப்படியை மூன்று முறை, நான்கு முறை ஏறி இறங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். அணைத்த அடுப்பை போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். படம் எடுத்த பிறகு புடவைத் தலைப்பு பட்டுக் குமிழ் திரும்பியிருந்தால்? அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. இரண்டு வருடத்தில் போனில் நாலாயிரத்துச் சொச்சம் அடுப்புப் படங்கள் சேர்ந்துவிட்டன. கடைசியாக ஒரு மனித முகத்தை எப்போது எடுத்தோம் என்று அவள் ஒரு நாள் தேடிப் பார்த்தாள். விரல்தான் வலித்தது.

அலுவலகத்துக்குத் தாமதமானால் ரயில் தாமதம் என்றாள். கூட வேலை செய்யும் ஷோபனா, துர்கா பூஜோவுக்குப் பந்தல் பார்க்கப் போகலாம் என்று இரண்டு வருடம் கூப்பிட்டாள். இரண்டு வருடமும் அமலாவுக்குத் தலைவலி. மூன்றாம் வருடம் ஷோபனா கூப்பிடவில்லை. அமலா காலையில் சமைப்பதை நிறுத்தி, பொரியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். இதையெல்லாம் அவள் நோய் என்று நினைக்கவில்லை. தனியாக இருக்கும் பெண் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்றுதான் நினைத்தாள்.

போன வருடம் ஜெரோமின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஹவுராவிலிருந்து ரயிலுக்கு அமலா டிக்கெட் எடுத்தாள். பத்து நாள் வீடு பூட்டிக் கிடக்குமே என்ற பயத்தில், முதல் நாளே ஆள் வைத்து சிலிண்டரைக் கீழ் வீட்டுக்கு இறக்கினாள். அங்கே வீட்டுக்காரம்மா இருந்தார். அவரை அமலா மாஷிமா என்று கூப்பிடுவாள். இனி வீட்டில் கேஸே இல்லை. நிம்மதியாகப் போகலாம்.

டாக்சி ஹவுரா பாலத்தில் ஏறும்போது அந்தக் கேள்வி வந்தது. கேஸை அணைத்தோமா? சிலிண்டரே வீட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகம் அடங்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

மாஷிமா வாசலில் நின்றிருந்தார். ரயில் ரத்தாகிவிட்டதா என்று கேட்டார். அமலா நேராக மேலே போனாள். அடுப்புக்குக் கீழே ரப்பர் குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ரயில் போயிருக்கும் நேரம் கடந்தது. இது கேஸைப் பற்றிய பயம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தம்பிக்குப் போன் செய்து காய்ச்சல் என்றாள். அவன் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வரிசையில் நின்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, சுதேஷ்ணா என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். சுதேஷ்ணா அமலாவை விட இளையவள். அமலா வங்காள மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள், சிலிண்டர் கதை உட்பட. சிரிப்பாளோ என்று பயந்தாள். சுதேஷ்ணா சிரிக்கவில்லை.

"நாற்பது தடவை பார்த்தா நாற்பது மடங்கு உறுதி வரும்னு நினைக்கிறீங்க. நடக்கிறது அதுக்கு நேர்மாறு," என்றாள். "பார்க்கப் பார்க்க உங்க ஞாபகத்து மேல உங்களுக்கே நம்பிக்கை குறையும். திரும்பிப் போய்ப் பார்த்ததும் பயம் சட்டுனு இறங்குது பாருங்க, அந்தச் சுகத்துக்காகத்தான் மனசு மறுபடி மறுபடி கேக்குது."

இது கவனக்குறைவும் இல்லை, பைத்தியமும் இல்லை, பலருக்கும் வருகிற கோளாறு என்று விளக்கினாள். வைத்தியம் கேட்க எளிதாக இருந்தது. அணைக்க வேண்டும், ஒரு முறை பார்க்க வேண்டும், படம் எடுக்காமல் கிளம்ப வேண்டும். பயம் வந்தால் அதை விரட்டாமல் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் நாள் பாலிகஞ்சில் இறங்கி எதிர் ரயிலில் வீடு திரும்பினாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் அலுவலகத்தில் ஒரு சான்றிதழில் பெயரைத் தப்பாக எழுதி, கிழித்துப் போட்டு வேறு எழுதினாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் பார்த்தால் பயம் தானாக அடங்கியிருந்தது. நல்ல வாரங்களும் மோசமான வாரங்களும் மாறி மாறி வந்தன. ஐந்தாறு மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வந்து ஜெரோமுக்குப் போன் செய்தாள். அன்று காய்ச்சல் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏக்கா, இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா," என்றான். "நீ எங்கள வேண்டாம்னு ஒதுக்கிட்டன்னுல்லா நெனச்சேன்."

"எனக்கே தெரியலையே டா, என்னன்னு சொல்லுவேன்."

இந்த வருடம் மே மாதம் அவள் ஊருக்குக் கிளம்பினாள். ரயில் ஹவுராவை விட்டதும் பயம் வந்தது. இறங்கிவிடலாம் என்று மனம் சொன்னது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரக்பூரிலும் பயம் இருந்தது. பாலேஸ்வர் தாண்டியபோது பசித்தது.

தனிமைக்கு என்ன பயிற்சி என்று அவள் ஒரு முறை சுதேஷ்ணாவிடம் கேட்டிருந்தாள். அதற்குச் சீட்டில் எழுதித் தர எதுவும் இல்லை, மெதுவாக ஆட்களைத் தேட வேண்டும் என்றாள் சுதேஷ்ணா. எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்கே இறங்கவேண்டும் என்று கேட்க அமலா இரண்டு முறை வாயெடுத்தாள். மூன்றாம் முறை கேட்டாள். விஜயவாடா என்றாள் அந்த அம்மாள். பிறகு இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.