கோழிக்குழம்புக்குப் பிறகு பார்த்த மோட்டார்

யாராவது பழைய மோட்டார் வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மோட்டார் மேல் கோபமில்லை. அது வாயில்லாச் சீவன். வாயிருந்தும் திறக்காத ஒரு மேஸ்திரி மேல்தான் கோபம். திறக்கக் கூடாத நேரத்தில் வாயைத் திறந்த என் மேல் இன்னும் கொஞ்சம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தவளைக்கே தண்ணீர் போதவில்லை. உழவில்லாத இரண்டு மயிலைக் காளைகள் கொட்டிலில் நின்று எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சங்ககிரி ரயிலடியில் இறங்கித் திருச்செங்கோட்டு மலைக்குப் போகிறவர்களை ஏற்றிப் போக ஒரு வாடகை மோட்டார் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியபோது நல்ல உச்சி வெயில், தலையில் துண்டும் இல்லை.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தம் பழைய மோட்டாரைக் காளைகளுக்கு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார். எங்களிடம் விலைபோகிற பொருள் அந்தக் காளைகள் மட்டுந்தான். அவையும் போய், மோட்டாரும் ஓடாவிட்டால், அடுத்த மழைக்கு ஏரில் என்னைத்தான் பூட்ட வேண்டியிருக்கும். இதை என் வீட்டுக்காரி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்.

முதலில் பண்ணைக்காரர் காளைகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயிலில் வந்தவருக்குச் சொம்புத் தண்ணீரை நீட்டினேன்.

"இருக்கட்டுமுங்க, மொதல்ல காளையப் பாத்தர்றனுங்க" என்றார்.

பல்லைப் பிடித்துப் பார்த்தார். சுழி பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். மனம் நிறைந்த பிறகுதான் சொம்பைக் கையில் வாங்கினார். பெரிய இடத்து மனுஷன், இவ்வளவு மரியாதை தெரியாதவராக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். யார் நினைத்தது? நான்!

பதிலுக்கு மோட்டாரைப் பார்க்க, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு அதே காளைகளைப் பூட்டிய வண்டியில் போனேன். மேஸ்திரி தம் ஸ்பானர்களைப் பட்டுப் பையில் வைத்திருந்தார். "என்ஜின் மூச்சு விடற தினுசுலயே அதுக்கு ஆயுசு எத்தனைன்னு சொல்லிப்புடுவேன்" என்று வழிநெடுகப் பேசினார். மாட்டு வண்டி குலுக்குகிறது என்று என் மேல்துண்டை வாங்கி மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பண்ணைக்காரர் வீட்டை நெருங்கும்போதே கோழிக்குழம்பு வாசம் எதிர்கொண்டு அழைத்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், மேஸ்திரி அப்போது வாயைத் திறந்தார்.

"மொதல்ல வண்டியப் பாத்தரலாமுங்க."

"சாப்புட்டுப் பாருங்க சாமி. வண்டி எங்க ஓடியா போயிரும்?" என்றார் பண்ணைக்காரர். அந்த மோட்டாரைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"ஆமாங்க மேஸ்திரி, சோறு ஆறிப்போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, நான் இலைமுன் உட்கார்ந்தே விட்டேன். மூன்றாம் முறை குழம்பு கேட்டவனும் நான்தான்.

சாப்பிட்டு முடித்து மோட்டாரிடம் போனோம். மேஸ்திரி ஹாண்டிலைச் சுற்றினார். என்ஜின் இருமிக்கொண்டே எழுந்தது. ஒரு குச்சியை அதன்மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எப்படிங்க மேஸ்திரி?"

"ஹாரன் நல்லாருக்குதுங்க."

"அப்புறமுங்க?"

"சீட்டு மெத்துனு இருக்குதுங்க. கண்ணாடியில கீறல் இல்லீங்க."

சொல்லிவிட்டு இரண்டு தடவை இருமினார். கோழி எலும்பு சிக்கிக்கொண்டதோ என்று நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். என் முழங்கையைக் கிள்ளினார். கொசுவோ என்று அந்த இடத்தில் ஓங்கி அடித்துக்கொண்டேன். பிறகு பண்ணைக்காரர் கையில் கையடித்துச் சம்மதம் சொன்னேன். காளைகள் அவர் கொட்டிலுக்குப் போயின; மாட்டு வண்டியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரிதான் மோட்டாரை ஓட்டினார். ஊர்க்கோடி ஓடை வரைக்கும் இறக்கம். ராஜா மாதிரி போனோம். ஓடையைத் தாண்டி மேடு வந்ததும் மோட்டார் முனகிவிட்டு நின்றது. மேஸ்திரி திரும்பி ஊர் எல்லைக்கல்லைப் பார்த்தார், தாண்டிவிட்டோம் என்று உறுதி செய்துகொண்டார், அப்புறம் மடை திறந்தார்.

"கியர் பொட்டியில பல்லு பாதி இல்லீங்க. சத்தம் தெரியாம இருக்க மரத்தூளக் கொட்டி வெச்சிருக்குதுங்க. என்ஜின்ல வெடிப்பு, சவுக்காரம் வெச்சு அடச்சிருக்குது. பிரேக்குனு ஒண்ணு இல்லவே இல்லீங்க."

"இத அங்கயே சொல்றதுக்கு என்னய்யா?"

"கை நனச்ச ஊட்டுல நின்னுக்கிட்டு அந்த ஊட்டுப் பொருளக் கொற சொல்லுவாங்களா? உப்புத் தின்னாச்சுங்களே! அதுக்குத்தான் மொதல்ல வண்டியப் பாக்கலாம்னேன். நீங்கதான் சோறு ஆறிப்போயிரும்னீங்க."

என்ன அநியாயம்! இவர் யாருக்கு வந்த மேஸ்திரி? எனக்கா, கோழிக்குழம்புக்கா? கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் குரல் இறங்கிவிட்டது. பெண் பார்க்கப் போகிற வீட்டில், பெண் பிடித்தது என்று முடிவாகிற வரைக்கும் யாரும் சாப்பிடமாட்டார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. பெண்ணுக்குச் செய்கிற அந்த எச்சரிக்கையை மோட்டாருக்கும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே. திரும்பிப் போய்ச் சண்டை போடவும் வழியில்லை. மேஸ்திரி ஒரு முறை சாப்பிட்ட உப்பை நான் மூன்று முறை சாப்பிட்டிருந்தேன்.

சேதி கேட்டுப் பண்ணைக்காரரே காளைகளை அனுப்பினார். "பாவம், நம்ம காளையவே பூட்டி இழுத்துக்கிட்டுப் போகட்டும். நாளைக்கு வந்து ஓட்டிக்கறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த 'நம்ம' என் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரி மோட்டாரைப் பார்த்தாள், முன்னால் மூச்சு வாங்கி நின்ற காளைகளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, காளையக் குடுத்து மோட்டாரு வாங்குனீங்களா, இல்ல மோட்டாருக்குக் காளைய வாங்குனீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காளைகளைக் கொட்டிலில் கட்டிவிட்டு வந்து, "நாளைக்கு அவரு வரட்டுமுங்க. நம்மூட்டு உப்பு மட்டும் ஒறைக்காதுங்களா?" என்றாள். அவர் நம் வீட்டில் கை நனைத்துவிட்டால், நம் கொட்டிலில் நிற்கிற காளைகளை அவிழ்க்க அவருக்கு எப்படி மனம் வரும், மோட்டாரையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவள் கணக்கு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் வெயில் ஏறி அவர் வந்தார். முகமெல்லாம் வேர்வை. வீட்டுக்காரி கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோரைச் சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனார்.

"உப்புப் போட்டிருக்குதுங்களா, அம்மிணி?"

"போட்டிருக்குதுங்க."

"அடடா, வைத்தியரு உப்பையே தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்களே" என்று சொம்பைத் திண்ணைமேல் பதனமாக வைத்தார். காளைகளை அவிழ்த்தார். போகும்போது, "மோட்டாரு ஓடுதுங்களா?" என்று விசாரித்துவிட்டும் போனார்!

வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மோரை வீணாக்குவானேன் என்று நான்தான் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். குடித்துவிட்டபடியால் அதையும் நான் வெளியே சொல்லவில்லை.